பக்கவாதம் வரும்போது தலை வலிக்குமா?

நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரவுச் சாப்பாட்டின்போது உங்கள் மாமனாருக்கு வலது கை துவண்டு, பேச்சு குழறியிருக்கிறது. "தலை வலிக்குதா?" என்று கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டியிருக்கிறார். தலைவலி இல்லையே, அப்படியானால் பிரஷராகத்தான் இருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் விட்டுவிட்டீர்கள். காலையில் ஒரு பக்கமே விழுந்துவிட்டது. ஆக, தலைவலியே இல்லாமல் ஸ்ட்ரோக் வருமா என்பது முதல் கேள்வி. உங்களுக்கு 34 வயது, பள்ளி நாளிலிருந்தே ஒற்றைத் தலைவலி, இப்போது தலை வலிக்கும்போதெல்லாம் நமக்கும் அதுதானோ என்று பயம். இது இரண்டாவது. நான் பொது மருத்துவன். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் பக்கவாத வார்டிலும் நீண்ட காலம் வேலை பார்த்தவன், நரம்பியல் நிபுணன் அல்ல. உங்கள் இருவரில் யாரையும் நான் நேரில் பரிசோதிக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: வரும். பெரும்பாலும் தலைவலி இல்லாமல்தான் வரும். ஸ்ட்ரோக்கில் இரண்டு பெரிய பிரிவுகள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. நம் ஊரில் வருகிறவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு அடைப்பு வகைதான். அவர்களில் தலைவலி இருந்ததாகச் சொல்பவர்கள் சுமார் நான்கில் ஒருவர், கூடிப்போனால் மூன்றில் ஒருவர். அந்த வலியும் பெரும்பாலும் மண்டையைப் பிளக்கிற மாதிரி இருக்காது. ஒரு பக்கமாகப் பாரமாக, அழுத்தினாற்போல இருக்கும். கை கால் விழுந்த பயத்தில் பலர் அதைச் சொல்வதுகூட இல்லை.

ஏன் இப்படி என்றால், மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. நோயாளியை விழிப்பாக வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மூளையில் அறுவை சிகிச்சை செய்ய முடிவது இதனால்தான். வலி தெரிவது மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கும், மூளையின் அடிப்பாகத்தில் ஓடும் பெரிய ரத்தக் குழாய்களுக்கும், அழுக்கு ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய நாளங்களுக்கும்தான். முகத்துக்கு உணர்வு தருகிற அதே நரம்புதான் இவற்றில் பெரும்பகுதியின் வலியையும் எடுத்துச் செல்கிறது. பின்மண்டைப் பகுதியின் வலி கழுத்தின் மேல் நரம்புகள் வழியாகப் போகிறது. சர்க்கரையும் பிரஷரும் பல வருடம் அரித்த ஒரு மெல்லிய குழாய் மூளையின் ஆழத்தில் அடைபட்டால், அங்கே வலியைச் சொல்ல எதுவுமே இல்லை. கை விழும், வாய் கோணும், தலை ஜம்மென்று இருக்கும். பெரிய குழாய் அடைபட்டாலோ, மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாய் அடைபட்டாலோ தலைவலிக்கு வாய்ப்பு கூடும். வயது குறைந்தவர்களுக்கும், பெண்களுக்கும், ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் ஸ்ட்ரோக்கோடு தலைவலி சேர்ந்து வருவது அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வலி ஒரு பக்கமாக இருந்தால் பெரும்பாலும் மூளையில் பாதிப்பு உள்ள பக்கத்தில்தான் இருக்கும். அதாவது வலது கை விழுந்தவருக்கு இடது பக்கம் வலிக்கும்.

இந்த "நான்கில் ஒருவர்" கணக்கை ரொம்பவும் நம்ப வேண்டாம். ஆய்வுக்கு ஆய்வு அது பத்தில் ஒருவருக்கும் கீழே தொடங்கிப் பத்தில் நான்கு பேருக்கு மேல்வரை போகிறது. காரணம் எளிது. இடது மூளை பாதித்துப் பேச்சு போனவரால் தலை வலிக்கிறது என்று சொல்ல முடியாது. வலது மூளை பாதித்த சிலருக்குத் தன் இடது கை விழுந்ததே தெரியாது, "எனக்கு ஒண்ணும் இல்லை, ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்பார்கள். நினைவிழந்து வருபவரிடம் கேட்கவே முடியாது. உங்கள் மாமனார் தலையாட்டியதையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். வலது கை விழுந்து பேச்சும் குழறிய ஒருவருக்கு, நீங்கள் கேட்ட கேள்வியே சரியாகப் புரிந்திருக்காமல் போயிருக்கலாம். புரிந்து சரியாகத்தான் சொன்னார் என்றே வைத்துக்கொண்டாலும் அந்த "இல்லை"க்கு மருத்துவத்தில் மதிப்பு கிடையாது. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரெனத் துவள்வது, பேச்சு குழறுவது, திடீரெனப் பார்வை மங்குவது, நடை தள்ளாடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். தலைவலியைக் கேட்டு உறுதி செய்ய வேண்டியதில்லை.

ரத்தக் கசிவு வகையில் நிலைமை கொஞ்சம் மாறும். மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தலைவலி இருக்கும். கசிந்த ரத்தம் இடத்தை அடைக்க, மண்டைக்குள் அழுத்தம் ஏற ஏற வலி கூடும், வாந்தி வரும், பிறகு மந்தமாவார்கள். இதிலும் மீதிப் பாதிப் பேருக்குத் தலைவலி இருக்காது. எனவே தலைவலியை வைத்து அடைப்பா கசிவா என்று எந்த மருத்துவராலும் பிரிக்க முடியாது, எத்தனை அனுபவம் இருந்தாலும். சிடி ஸ்கேன் எடுத்துத்தான் தெரியும். ஸ்கேனுக்கு முன்னால் வீட்டிலிருந்தே ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதற்காகத்தான். மாரடைப்புக்குச் சொன்னதை இங்கேயும் செய்துவிடுகிறார்கள். கசிவாக இருந்தால் அது எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

கசிவிலும் என்னை அதிகம் பயமுறுத்துவது சிறுமூளையில் வருவது. வருகிறவர் ஐம்பது அறுபது வயதுக்காரர், பிரஷர் மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியிருப்பார். கை கால் எல்லாம் நன்றாக அசையும், பேச்சும் தெளிவு. பின்மண்டையில் வலி, தலைசுற்றல், ஓயாத வாந்தி. வீட்டில் "பித்தம்" என்று எலுமிச்சைச் சாறு கொடுத்திருப்பார்கள், வரும் வழியில் ஒரு கிளினிக்கில் வாந்திக்கு ஊசி போட்டு "கேஸ்தான்" என்று அனுப்பியிருப்பார்கள். கட்டிலில் படுக்கவைத்து, கையைப் பிடியுங்கள், காலைத் தூக்குங்கள் என்று பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். எழுந்து உட்காரச் சொன்னால்தான் குட்டு உடையும். ஒரு பக்கமாகச் சாய்வார். நிற்க வைத்தால் இரண்டு பேர் பிடித்தும் நிற்க மாட்டார். இளம் டாக்டர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, வாந்தியும் தலைசுற்றலுமாக வந்தவரை நடக்கவைத்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதே என்பதுதான். சிறுமூளை இருக்கும் இடம் குறுகல், வீங்கினால் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதியை நெருக்கும். நேரத்துக்கு அறுவை சிகிச்சை செய்தால் நன்றாகப் பிழைத்து நடந்து போகிறவர்களும் உண்டு.

தலைவலி மட்டுமே ஒரே அறிகுறியாக வரக்கூடிய ஸ்ட்ரோக்கும் ஒன்று இருக்கிறது. மூளையின் அடியில் உள்ள குழாயில் சிறிய பலூன்போலப் புடைத்திருக்கும் இடம் வெடித்து, மூளையைச் சுற்றி ரத்தம் பரவுவது. மொத்த ஸ்ட்ரோக்கில் இது நூற்றுக்கு ஐந்து இருக்கும். இதில் கை கால் விழ வேண்டும் என்றில்லை. இந்தத் தலைவலியின் அடையாளம் அதன் வேகம். பெரும்பாலும் சில நொடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில், உச்சத்துக்குப் போய்விடும். பிழைத்தவர்களிடம் கேட்டால் எந்த வேலையின் நடுவில் வந்தது என்று துல்லியமாகச் சொல்வார்கள்: வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தேன், குடத்தைத் தூக்கினேன், கழிவறையில் உட்கார்ந்திருந்தேன். "சாயங்காலத்திலிருந்து மெல்ல ஏறி ராத்திரி தாங்க முடியவில்லை" என்பது வேறு கதை. அதனால்தான் நாங்கள் பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்பதைவிட எப்படித் தொடங்கியது, உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரமானது என்று குடைவோம். ஒற்றைத் தலைவலியும் பத்துக்குப் பத்து வலிக்கும். கழுத்து விறைப்பு வர சில மணி நேரம் ஆகும் என்பதால், கழுத்து நன்றாகக் குனிகிறது என்று முதல் மணி நேரத்தில் நிம்மதி அடையக் கூடாது.

இப்படித் திடீரென இடி இறங்கியது போல வரும் தலைவலி எல்லாமே கசிவு அல்ல. ஆய்வுகளில் பத்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரைதான் கசிவு தேறுகிறது. மற்றவர்களில் பலருக்குக் கெட்டது எதுவும் இருப்பதில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது ஸ்கேன், வீட்டார் அல்ல. வலி தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் எடுத்து, பழகிய கண் பார்த்தால் சிடி ஸ்கேன் கிட்டத்தட்ட எல்லாக் கசிவையும் பிடித்துவிடும். நேரம் போகப் போக ரத்தம் கரைந்து ஸ்கேனில் தெரிவது குறையும். அப்போது முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ ஸ்கேன் வேண்டும். "முதுகில் ஊசி போட்டால் முடம் ஆகிவிடும்" என்று கையெழுத்துப் போடாமல் அழைத்துப் போய்விடும் குடும்பங்களை எல்லா மருத்துவமனையிலும் பார்க்கலாம். வெடித்த புடைப்பு மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானது உறுதியானது. "முன்னெச்சரிக்கைத் தலைவலி" என்று சொல்லப்படுவது அப்படி இல்லை. பெரிய கசிவுக்குச் சில நாட்கள் முன்பு சின்னக் கசிவு ஏற்பட்டு ஒரு கடும் தலைவலி வந்து போகும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. சிலருக்கு அது உண்மை. எத்தனை பேருக்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை, ஏனென்றால் பெரிய சம்பவம் நடந்த பிறகு "போன வாரம் தலை வலித்ததா?" என்று கேட்டால் யாருக்குத்தான் வலித்திருக்காது? அடைப்பு வகைக்கும் முந்தைய வாரத்தில் புது மாதிரியான தலைவலி வருவதாகச் சமீப ஆய்வுகள் சில சொல்கின்றன. சாத்தியம்தான். ஆனால் அதை வைத்து யாருக்கு ஸ்ட்ரோக் வரும் என்று முன்கூட்டிச் சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை.

இளம் வயதில் வரும் ஸ்ட்ரோக்கில் தலைவலிக்கு மதிப்பு கூடுதல். இரண்டு காரணங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று, கழுத்தில் ஓடும் ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிவது. கழுத்தின் பின்பக்கமோ ஒரு பக்கத் தலையிலோ முகத்திலோ அதுவரை பழகாத வலி முதலில் வரும், மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து ஸ்ட்ரோக் வரும். ஒரு கண் இமை லேசாகத் தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா சிறுத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். விபத்து, பளு தூக்குதல் தவிர, கழுத்தைச் சட்டென்று திருப்புவதாலும் இது நேரலாம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்து இரு பக்கமும் "சொடக்" எடுத்துவிடுவார்களே, அது வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் செய்துகொண்டு நலமாக இருக்கிறார்கள், ஆபத்து சிறியதுதான். ஆனாலும் ஒரு சுகத்துக்காகக் கழுத்துக் குழாயைப் பணயம் வைப்பானேன்?

இன்னொன்று மூளையின் நாளங்களில் ரத்தம் உறைவது. இதில் தலைவலி மிக அதிகம், பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கும். நாள்கணக்கில் கூடிக்கொண்டே போகும், படுத்தால் அதிகமாகும், பார்வை மங்கும், பிறகு வலிப்போ கை கால் பலவீனமோ வரும். குழந்தை பெற்ற முதல் சில வாரங்கள் இதற்கு முக்கியமான காலம். 1980களிலேயே மதுரையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து இதைப் பற்றி எழுதினார்கள், அது உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. பிரசவித்தவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்ற பத்தியம் ரத்தத்தைக் கெட்டியாக்கி இதைத் தூண்டுகிறது என்ற சந்தேகம் மருத்துவர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்வது கடினம், ஆனால் அந்தப் பத்தியத்தால் ஒரு நன்மையும் இல்லை என்பது நிச்சயம். கோயில், விசேஷம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் போடும் ஹார்மோன் மாத்திரைக்குப் பிறகு இப்படி வந்தவர்களைப் பற்றியும் இந்தியாவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். சாதாரண சிடி ஸ்கேன் இதில் நார்மல் என்றே வரலாம். நாளங்களைத் தனியாகக் காட்டும் ஸ்கேன் கேட்டு எடுக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு நாளுக்கு நாள் கூடும் தலைவலியை "தூக்கமில்லை, குளிர்ந்த காற்று பட்டது" என்று தைலம் தேய்த்து விடாதீர்கள்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். வலிக்கு முன்னால் கண்ணில் வளைந்து வளைந்து மின்னும் கோடு தோன்றி, மெல்லப் பரவி, அரை மணி நேரத்தில் மறைகிறது, சில சமயம் விரல்களில் எறும்பு ஊர்வது போல மேலேறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி. ஸ்ட்ரோக்கிலிருந்து இதைப் பிரிக்க உதவுவது இரண்டு விஷயங்கள். உங்களுக்கு வருவது மெல்லப் பரவுகிறது, ஸ்ட்ரோக் ஒரேயடியாக விழும். உங்களுக்கு வருவது இல்லாததைக் காட்டுகிறது, மின்னல், ஊர்தல்; ஸ்ட்ரோக் இருப்பதை எடுத்துவிடுகிறது, பார்வை போகும், உணர்வு போகும், பலம் போகும். எல்லோருக்கும் இது இத்தனை சுத்தமாகப் பிரியாது, எங்களுக்கே குழப்பம் வரும். வழக்கமான உங்கள் தலைவலிதானா என்பதற்கு நம்பகமான சாட்சி நீங்கள்தான். இருபது வருடம் பழகிய தலைவலி, பழகிய மாதிரியே வந்தால் பயப்பட வேண்டாம். முன்னறிகுறி ஒரு மணி நேரம் தாண்டியும் போகாவிட்டால், கை உண்மையிலேயே பலம் இழந்தால், ஒரே நொடியில் உச்ச வலி வந்தால், காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் அன்றைக்கு அது பழைய தலைவலி இல்லை என்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி இருப்பவர்களுக்கு ஸ்ட்ரோக் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் உங்கள் வயதில் அடிப்படை அபாயமே மிகச் சிறியது, அதன் இரண்டு மடங்கும் சிறியதுதான். அதைப் பெரிதாக்குவது புகையும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும். அந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் தலைவலியின் முன்னறிகுறியைச் சொல்லி வேறு வழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பல பெண்கள் தலைவலியை நரம்பு டாக்டரிடமும் மாத்திரையை மகப்பேறு மருத்துவரிடமும் சொல்கிறார்கள், இரண்டையும் ஒருவரிடமே சொல்வதில்லை.

"பிரஷர் தலைவலி" பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணமாக உயர்ந்திருக்கும் ரத்த அழுத்தம் தலைவலி தராது. அதனால்தான் பலருக்கு அது இருப்பதே தெரியாமல் ஸ்ட்ரோக் வருகிறது. ஸ்ட்ரோக் வந்த நேரத்தில் அழுத்தத்தை அளந்தால் பலருக்கு 180, 200 என்று காட்டும். அடைபட்ட இடத்துக்கு ரத்தம் அனுப்ப உடம்பு செய்யும் முயற்சியும் அதில் உண்டு. வீட்டிலேயே நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துச் சடாரென்று இறக்கினால் உயிரோடிருக்கும் மூளைப் பகுதியும் பட்டினியாகும். விரல் நுனிகளை ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் ஸ்ட்ரோக் நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் செய்தி முழுப் பொய். குத்துகிற நேரத்தில் 108 ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்திருக்கும். சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பில், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் விட்டு, அடைத்திருக்கும் ரத்தக் கட்டியை எடுக்க முடிகிறது. அந்த இரவு போய்விட்டது என்று உங்கள் வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். வலி இருந்தால்தான் ஆபத்து என்று நினைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மாமனார் இப்போது மூன்றாம் நாளாகத் தலை வலிக்கிறது என்று சைகை காட்டுவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே வார்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம். ஸ்ட்ரோக் வந்த முதல் சில நாட்களில் மூளை வீங்கலாம், அடைபட்ட இடத்துக்குள் ரத்தம் கசியலாம். புதிதாக வந்த தலைவலியோடு தூக்கக் கலக்கம், வாந்தி, கை இன்னும் பலவீனமாவது ஏதாவது இருந்தால் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். ஒன்றும் இல்லாமலும் போகலாம். டைபிரிடமோல் என்ற மாத்திரை சேர்த்திருந்தால் அதுவே முதல் நாட்களில் தலைவலி தரும், பலருக்குச் சில நாளில் பழகிவிடும். மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிக்கு வெளியே கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போய்க்கொண்டிருக்கும்போது டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தக் கசிவைக் கொண்டுவரும். பாராசிட்டமால் போதுமா என்று வார்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.